மருந்து இலவசம், ஆனால் ஒரு நாள் கூலி போகிறது

கேள்வி:
ஆற்றங்கரையிலிருந்து சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்ட என் அத்தை, வீட்டுவேலை செய்து பிழைப்பவர். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தாலும், நகருக்குள் சென்று வரிசையில் நின்று திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடுவதால், பல மாதங்களாக மருந்தே வாங்கவில்லை. காலில் ஒரு புண்ணும் ஆறாமல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டால், வலி தெரியாமலேயே புண் முற்றி, விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம். இதற்கு மட்டும் கூலியைப் பார்க்க வேண்டாம். மாதாந்திர மாத்திரைகளுக்கு, 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்யுங்கள்; களப்பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

பதில் 2:
பகலில் வேலைக்குச் செல்பவரின் வீட்டுக்கு வரும் களப்பணியாளர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார் என்பதால், அண்டை வீட்டாரிடம் மாத்திரைகளைக் கொடுத்துவைக்க முன்பே பேசிவையுங்கள். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் சமாளிக்கிறோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம்தான், ஆனால் இழந்த நேரத்துக்கு ஈடு கிடையாது. அறுவை சிகிச்சை வரை போனால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவலாம். அதுவும் இழந்த கூலியைத் தராது என்பதே என் வருத்தம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளை நானே விடுப்பு எடுத்து அத்தையை அழைத்துச் செல்கிறேன்.