மறுமொழி: நினைவு ஒருங்கிணைப்பா, நினைவிறுகலா?

> மெமரி கன்சாலிடேஷன் = நினைவு ஒருங்கிணைப்பு. இதையே வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

வேண்டாம் என்பேன். ஒருங்கிணைப்பு என்றதும் எனக்கு விழா ஒருங்கிணைப்பாளர்தான் கண்ணில் தெரிகிறார். இங்கே நடப்பது வேறு: பதிந்த நினைவு போகப்போகக் கெட்டிப்படுகிறது.

1900-இல் இந்தக் கருத்தை முன்வைத்த ஜெர்மானிய உளவியலாளர்கள் முல்லரும் பில்செக்கரும் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். உடனே இன்னொரு பட்டியலைக் கொடுத்தால் முதல் பட்டியல் கலைந்தது; சற்று இடைவெளி விட்டால் அவ்வளவாகக் கலையவில்லை. ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்க நோயாளியின் கதையும் இதுதான். 1953-இல் வலிப்புக்காக அவர் மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் தங்கவில்லை. சிறுவயது நினைவுகள் பிழைத்தன. அறுவைக்கு முந்தைய சில ஆண்டுகள் போய்விட்டன. இறுகாதது போனது!

'உறுதிப்படுத்தல்' என்று வைக்கலாமே என்றால், அது பிறவினை. யார் உறுதிப்படுத்துவது? தூக்கத்திலும் தானாக நடக்கிற வேலை இது. (தவிர, ரயில் டிக்கெட் வாடை அடிக்கிறது.)

ஆகவே என் பரிந்துரை 'நினைவிறுகல்'. 'இறுக்கம்' கூடாது, மன இறுக்கம் என்று ஆட்டிசத்துக்கும் எழுதுகிறார்கள், மன அழுத்தத்துக்கும் எழுதுகிறார்கள்.

'நினைவூன்றல்' காதுக்கு இனிமைதான். ஆனால் ரீகன்சாலிடேஷன் (நினைவு மறுபடி கெட்டிப்படுவது) வந்ததும் திணறும். 2000-இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடெர் குழுவினர், ஒரு ஒலியோடு மின்னதிர்ச்சி கொடுத்து எலிகளைப் பழக்கினார்கள். பின்னொரு நாள் அந்த ஒலியை மட்டும் கேட்கவைத்து, உடனே பயத்தைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்த நாள் அதே ஒலிக்கு எலிகளிடம் பழைய பயம் இல்லை. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்றவற்றுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவுகூர்ந்ததும் நினைவு நெகிழ்கிறது, சூடுகாட்டிய வெல்லப்பாகு மாதிரி. பிறகு மறுபடி இறுகவேண்டும். 'மீளிறுகல்' இதற்குக் கச்சிதம். ஊன்றியதை மீண்டும் ஊன்றவோ, முதலில் பிடுங்கியாக வேண்டும்.

சரி, ஒரு சிக்கல் பாக்கி. சினாப்ஸ் (நரம்புச் செல்கள் இணையும் இடம்) அளவில் மணிக்கணக்கில் நடப்பதும், ஹிப்போகாம்பஸின் துணை குறைந்து பெருமூளைப் புறணியில் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதும் கன்சாலிடேஷன்தான். முன்னதற்கு 'இணைவாய் இறுகல்' போதும். பின்னதை 'மண்டல இறுகல்' என்றால் புயல் அறிவிப்பு போல ஒலிக்கிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.