இன்வெர்ட்டர் பற்றரியை அடியோடு இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டுமா?

கொக்குவில் வாசகி:
2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 12 வோல்ட் ஈயப் பற்றரி, தண்ணீர் ஊற்றும் வகை. அப்போது ஒரு மின்விசிறியையும் நான்கு விளக்குகளையும் இரவு முழுவதும் தாங்கியது. இப்போது பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்வெர்ட்டர் கூவத் தொடங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை அடியோடு இறக்கிவிட்டு ஏற்றச் சொல்கிறார் என் மைத்துனர். கைத்தொலைபேசிக்கும் அதுவே மருந்தாம். சரிதானா? தண்ணீர் குறைந்தால் கிணற்று நீரை வடித்து ஊற்றலாமா?

சுன்னாகம் பற்றரிக்காரர்:
மைத்துனரைப் பற்றரிப் பக்கம் விடாதீர்கள், தங்கச்சி. அது பழைய நிக்கல்-காட்மியம் பற்றரிக்குச் சொன்ன வைத்தியம். ஈயப் பற்றரி இறங்கியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாட்பட நாட்பட இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. கொள்ளளவு தொலைவது அங்கேதான். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சாரம் வந்த அன்றே நிறைய ஏற்றிவிடுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓயவிட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 ஏறக்குறையப் பாதி.

கிணற்று நீரா! நம்முடையது சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவரும் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே கேட்கிறீர்கள். துணியில் வடித்தால் கரைந்திருப்பது போய்விடுமா? காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். தகடுகள் நனைந்திருந்தால், முழுவதும் ஏற்றிய பிறகே ஊற்றுங்கள். ஏற்றும்போது மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் வழியும். ஏறும்போது ஹைட்ரஜன் வருவதால் சாமி விளக்கு பக்கத்தில் வேண்டாம். முழு சார்ஜில், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் பற்றரியின் ஆறு அறைகளையும் அளந்து எழுதுங்கள்.

நல்லூர்த் தம்பி:
கைத்தொலைபேசியில் இருப்பது லித்தியம், அக்கா. அதை அடிமட்டம்வரை இறக்குவதும் கேடு, எப்போதும் நூறிலேயே வைத்திருப்பதும் தேய்மானம். 20க்கும் 80க்கும் இடையில் ஓடவிட்டால் நீண்ட காலம் உழைக்கும். பெரிய பகை வெயில்தான். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். தலையணைக்கடியில் வைத்து ஏற்றாதீர்கள். பாவிக்காத கருவியை ஏறக்குறையப் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள்.

கொக்குவில் வாசகி:
அளந்தேன், ஐயா. ஐந்து அறைகள் 1.25. மூன்றாவது மட்டும் 1.12.

சுன்னாகம் பற்றரிக்காரர்:
எனக்கு அந்த மூன்றாவது அறையில்தான் சந்தேகம். மெதுவாக ஒரு முழு சார்ஜ் கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். மற்றவற்றைவிட 0.05க்கு மேல் குறைந்தே நின்றால் அறை போய்விட்டது. ஓர் அறை படுத்தால் முழுப் பற்றரியும் படுத்துவிடும். அமிலம் ஊற்றி அந்த 1.12ஐ உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அளவு ஏறும், சல்பேட் அப்படியே கிடக்கும். தொண்ணூறுகளில், போர்க்கால யாழ்ப்பாணத்தில், பற்றரி தடைப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அன்று செத்த பற்றரியோடும் மல்லுக்கட்டியதில் நியாயம் இருந்தது. இன்று அது வீண் செலவு. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுங்கள், எடைக்குக் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தை மட்டும் வளவில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள ஈயம் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.