யாபேஸ் கேட்டது பேராசையா? (திருமறை மாணவனுக்குப் பதில்)

அக்கரப்பத்தனை அக்கா
முந்தாநாள் 'திருமறை மாணவன்' தம்பி இங்க எழுதினது இது: "வீடு தா, வேலை தா, காணி தா என்று கேட்பது கிறிஸ்தவ ஜெபமே அல்ல. யாபேஸின் ஜெபத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் தங்கள் பேராசையைத்தான் மாட்டுகிறார்கள்." எழுதிட்டு யாரும் பதில் போட முடியாம மூடியும் வச்சிட்டாரு. அதனால தனியா எழுதுறேன்.

தம்பி, பைபிள்ல 1 நாளாகமம் 4:10 எடுங்க. யாபேஸ் என்ன கேட்டான்? "தேவரீர் என்னை ஆசீர்வதித்து, என் எல்லையைப் பெரிதாக்கி, உமது கரம் என்னோடிருந்து, தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு அதற்கு என்னை விலக்கிக்காத்தருளும்" னு கேட்டான். அடுத்த வரியை நீங்க ஒரு இடத்துலயும் எழுதல. "அவன் வேண்டிக்கொண்டதை தேவன் அருளினார்." கர்த்தர் அவனைத் திட்டல. உனக்கு எதுக்குடா எல்லைன்னு கேட்கல. கொடுத்தாரு.

அந்த ஜெபம் எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல, பாதி வீட்டுச் சுவத்துல இருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல மூணு தலைமுறை படுத்து எந்திரிக்குது. சுவரும் எங்களுது இல்ல, அது நிக்கிற மண்ணும் எங்களுது இல்ல. அங்க ஒருத்தி என் எல்லையைப் பெரிதாக்கும்னு கேட்டா அது பேராசையா? அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

திருமறை மாணவன்
அக்கா, உங்கள் வேதனை எனக்குப் புரியாதது அல்ல, நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் வேதனையை வைத்து உபதேசம் செய்ய முடியாது. யாக்கோபு 4:3 தெளிவாக இருக்கிறது: "உங்கள் இச்சைகளை நிறைவேற்றும்படி செலவழிக்கவேண்டுமென்று தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறபடியினால், பெற்றுக்கொள்ளாமலிருக்கிறீர்கள்." சாலொமோன் கிபியோனில் ஐசுவரியம் கேட்கவில்லை, ஞானம் கேட்டான். நீதிமொழிகள் 30-இல் ஆகூர், தரித்திரமும் வேண்டாம் ஐசுவரியமும் வேண்டாம் என்கிறான். பவுல் தன் முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது.

யாபேஸ் யார்? யூதாவின் வம்ச அட்டவணைக்கு நடுவில் இரண்டு வசனம். அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒருவர் அதை வைத்துச் சிறு நூல் எழுதி இலட்சக்கணக்கில் விற்ற பிறகுதான் நம் சுவர்களில் யாபேஸ் ஏறினான். வேதத்தில் நடந்ததாக எழுதியிருப்பதெல்லாம் நாம் செய்யவேண்டிய கட்டளை அல்ல. சாலொமோனுக்கு எழுநூறு மனையாட்டிகள் இருந்ததும் எழுதியிருக்கிறது.

அக்கரப்பத்தனை அக்கா
யாக்கோபு 4:3 போட்டீங்க. 4:2 எங்க தம்பி? "நீங்கள் விண்ணப்பம்பண்ணாமலிருக்கிறதினாலே, உங்களுக்குச் சித்திக்கிறதில்லை." உங்க வசனத்துக்கு நேர் மேல நிக்குது. கேட்காததும் குத்தம்னு அதே யாக்கோபுதான் சொல்றாரு. ஒரு வசனத்தைப் பிடிச்சிக்கிட்டு அதுக்கு மேல இருக்கிறதை மறைக்கிறதுக்கா இறையியல் படிச்சீங்க?

எழுநூறு மனையாட்டிகளைத் தேவன் அருளினார்னு எழுதியிருக்கா? இல்ல. அவங்க அவன் இருதயத்தை வழுவிப்போகப் பண்ணினாங்கன்னுதான் இருக்கு. யாபேஸுக்கு அருளினார்னு இருக்கு. ரெண்டும் ஒன்னா?

அப்புறம் அந்த அமெரிக்கப் புத்தகம். எங்க அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. அந்தப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே அவங்க வாயில இந்த ஜெபம் இருந்திச்சு. எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் நாங்க கத்துக்கணுமா?

வெற்றிவாழ்வு ஹட்டன்
ஆமென் அக்கா! சரியா சொன்னீங்க! நம்ம தேவன் ஏழைத் தேவன் இல்ல. ராஜாவோட பிள்ளை ஏன் லயத்துல கிடக்கணும்? விசுவாசத்தோட காணிக்கைங்கிற விதையை விதைச்சா நூறத்தனையா அறுப்போம். எங்க கூட்டத்துல ஒரு சகோதரர் இருந்த காசு முழுக்க விதைச்சாரு, ஆறு மாசத்துல வேன் வாங்கிட்டாரு. சாட்சி இருக்கு. வறுமை சாபம், அதை உடைக்கணும்.

அக்கரப்பத்தனை அக்கா
உங்களை யாரு எனக்குத் துணைக்குக் கூப்பிட்டா? ஞாயித்துக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறிச்ச காசை உறையில போட்டு மேடைக்குக் கொண்டு வரச் சொல்றது யாருன்னு ஊருக்கே தெரியும். வேன் வாங்கினவரு சாட்சி சொல்றாரு, சரி. உறையில போட்டுட்டு அடகு வச்ச தோடை மீட்க முடியாம இருக்கிறவளுக்கு யாராச்சும் மைக் கொடுத்தீங்களா?

யாபேஸ் காசு கட்டிக் கேட்கல. வாயைத் திறந்து கேட்டான். தேவன் அருளினார். நடுவுல உறை இல்ல.

திருமறை மாணவன்
பார்த்தீர்களா அக்கா? நான் எச்சரித்தது இதைத்தான். நீங்கள் திறந்துவிடும் கதவு வழியாக இவர்தான் உள்ளே வருகிறார். இந்த "விதை விசுவாசம்" அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியார் பரப்பியது. நம் மலைக்கு அது பிறகு வந்த சரக்கு.

வெற்றிவாழ்வு ஹட்டன்
தேவ ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது நாக்கு கவனம் தம்பி. நீங்க படிச்சது எழுத்து. எழுத்து கொல்லும்.

வஹகோட்டை பக்தன்
எங்க கத்தோலிக்கர்கிட்ட இந்தக் குழப்பமே இல்ல. வஹகோட்டை அந்தோனியார்கிட்ட பிள்ளை வரம் கேட்பாங்க, தொலைஞ்ச பொருளைக் கேட்பாங்க, வெளிநாடு போக விசாவும் கேட்பாங்க. கிடைச்சா நேர்ச்சை செலுத்துவாங்க. கேட்கிறது பிள்ளையோட குணம். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?

வெற்றிவாழ்வு ஹட்டன்
சிலைகிட்ட கேட்கிறதும் தேவன்கிட்ட கேட்கிறதும் ஒன்னா? யாத்திராகமம் 20 படிங்க பிரதர்.

வஹகோட்டை பக்தன்
தொடங்கிட்டாரு. போன நத்தாருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு எங்க லயத்துக்கு முன்னாடி ஸ்பீக்கரை வச்சு "விக்கிரகத்தை விட்டு வெளியே வா" ன்னு கத்தினது உங்க ஆட்கள்தானே? பச்சைக் குழந்தை இருந்த வீடு அது. அதை நாங்க இன்னும் மறக்கல.

பண்டாரவளை வாத்தியார்
நண்பர்களே, ஒரு நிமிடம். "ஆசீர்வாதம்" என்று ஒவ்வொருவரும் எதைக் குறிப்பிடுகிறீர்கள்? தேவைக்குக் கேட்பது வேறு, ஆசைக்குக் கேட்பது வேறு அல்லவா? மார்ட்டின் லூதர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், அன்றன்றுள்ள அப்பம் என்பதற்குள் உணவு, உடை, வீடு, வயல், கால்நடை, பணம், நல்ல ஆட்சி, நல்ல காலநிலை வரைக்கும் சேர்க்கிறார். முதலில் இதை வரையறுத்துக்கொண்டால் பேச்சு ஒழுங்காகப் போகும்.

சிவப்புக் கொழுந்து
வரையறை எல்லாம் அப்புறம் வாத்தியார். நான் ஒன்னு கேட்கிறேன். 2021ல தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது ஜெபத்துலயா? 2018ல அந்தச் சம்பளம் கேட்டு கொழும்பு காலிமுகத்திடல்ல கறுப்புச் சட்டையோட போய் நின்ன பொடியங்களாலயா? 2024ல 1350 வந்தது உபவாசத்துலயா? 1948ல தோட்டத்துத் தமிழனோட பிரஜாவுரிமையைப் பிடுங்கினான். நாடற்றவங்க பிரச்சினைக்குக் கடைசியாச் சட்டம் வந்தது 2003ல. அந்த அம்பத்தஞ்சு வருசமும் நம்ம சனம் முழங்கால்ல நின்னுச்சு.

டிக்கோயாவுல வோர்லி கிறிஸ்தவக் கோயிலைப் போய்ப் பாருங்க. 1878ல தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கட்டினது. அவங்களும் அங்க ஆசீர்வாதம்தான் கேட்டாங்க. அவங்க எல்லை பெருசாச்சு. யாரோட முதுகுல? தோட்டத்துக் கூலிகளுக்குச் சுவிசேஷம் சொல்ல 1854ல தொடங்கின தமிழ் கூலி மிஷனுக்குத் துரைமாரே காசு கொடுத்தாங்க. ஏன் கொடுத்தாங்க? கூலிக்காரன் மேல பார்த்துக் கேட்டா துரையைப் பார்த்துக் கேட்க மாட்டான்.

அக்கரப்பத்தனை அக்கா
தோழரே, 2018ல கறுப்புச் சட்டை போட்டவங்கள்ல எங்க சபைப் பொடியங்களும் இருந்தாங்க. ஜெபிச்சிட்டுத்தான் பஸ் ஏறினாங்க. யாரு முழங்கால்ல நிக்கிறா, யாரு ரோட்டுல நிக்கிறான்னு நீங்க பிரிச்சுப் பார்க்கிறீங்க. எங்களுக்கு ரெண்டும் ஒரே ஆள்தான். கண்டியில சத்யோதயம்ங்கிற நிலையத்தை நடத்தின போல் கஸ்பர்ஸ் பாதிரியார் பூசையும் வச்சாரு, தோட்டத்து ஆளுக்காகச் சண்டையும் பிடிச்சாரு. அவரைக் கேட்டிருந்தா உங்களுக்குச் சொல்லியிருப்பாரு.

துரை கேட்டான், கேட்டது தப்பில்ல. அடுத்தவன் முதுகுல ஏறினது தப்பு. யாக்கோபு 5:4 அதுக்குத்தான் இருக்கு. பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் இடுது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதுல விழுதுன்னு எழுதியிருக்கு. கூக்குரல்னா என்ன? ஜெபம்தானே?

மாணவன் தம்பி, நீங்க இன்னும் 4:10க்குப் பதில் சொல்லல. தேவன் அருளினாரா இல்லையா?

திருமறை மாணவன்
அருளினார். நான் மறுக்கவில்லை. ஒருவனுக்கு அருளினார் என்பதால் எல்லாரும் அதைக் கேட்கலாம் என்றாகாது.

கடினமாக ஒன்று கேட்கிறேன், மன்னியுங்கள். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த லயங்களிலும் தீங்கு என்னை அணுகாமல் காத்தருளும் என்று கேட்ட தாய் இருந்திருப்பாள். உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் ஜெபம் அவளுக்கு என்ன பதில் சொல்லும்? கேட்டால் கிடைக்கும் என்று பழக்கிவிட்டு, கிடைக்காத நாளில் அவளை யாரிடம் அனுப்புவீர்கள்?

அக்கரப்பத்தனை அக்கா
மீரியபெத்தையை எடுத்துக்கிட்டீங்க. சரி, நானும் அதையே பேசுறேன்.

அந்த மலை அபாயம்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரிச்சிருந்திச்சு. எச்சரிச்சாங்க, அப்புறம் சனம் எங்க போகும்? கையில ஒரு பேர்ச் காணி இருந்திச்சா? உறுதிப்பத்திரம் இருந்திச்சா? எல்லை இல்லாததால அந்தச் சனம் அந்த லயத்துலயே கிடந்திச்சு. எல்லையைப் பெரிதாக்கும், தீங்குக்கு விலக்கிக் காத்தருளும். யாபேஸ் இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டான். எங்களுக்கு அது ரெண்டும் ஒரே விண்ணப்பம். கையளவு மண்ணு சொந்தமா இருந்தா உயிர் மிஞ்சும். இது உங்களுக்குப் பேராசை.

கேட்டா கிடைக்கும்னு நான் எந்த இடத்துல எழுதினேன்? மேல போய்த் தேடுங்க. கேட்கலாம்னு எழுதினேன். கெத்செமனேயில கர்த்தரே இந்தப் பாத்திரம் நீங்கட்டும்னு கேட்டாரு. நீங்கல. அதுக்காக அவர் கேட்டது பேராசைன்னு சொல்லுவீங்களா? கிடைக்காத நாள்ல அவ எங்க போவா? அதே சந்நிதிக்குத்தான் போவா, போய்ச் சண்டை போடுவா. சங்கீதத்துல பாதி அந்தச் சண்டைதான்.

செத்தவங்களைக் காட்டி உயிரோட இருக்கிறவ வாயை அடைக்காதீங்க தம்பி. இதுக்காக நான் உங்க மேல கோவமாத்தான் இருக்கேன்.

திருமறை மாணவன்
கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல" என்றார். யாபேஸ் அப்படிச் சொல்லவில்லை. இதுதான் வித்தியாசம். கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தில் ஒருவன் தனக்கென்று தனியாகக் கேட்பது ஒன்றுமில்லை, எல்லாருக்கும் சேர்த்தே கேட்கிறோம். யாபேஸ் தன் சகோதரருக்காக ஒரு வார்த்தை கேட்டானா?

அக்கரப்பத்தனை அக்கா
அன்னாள் பிள்ளை கேட்டப்போ சக்களத்தி பெனின்னாளுக்கும் சேர்த்துக் கேட்டாளா? பர்திமேயு எரிகோவுல இருந்த குருடங்க எல்லாருக்கும் பார்வை கேட்டானா? "நான் பார்வையடையவேண்டும்" னு தனக்குத்தான் கேட்டான். கர்த்தரே நின்னு உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு. உனக்குன்னு கேட்காதேன்னு அனுப்பல.

இன்னொன்னு. எண்ணாகமம் 27. செலோப்பியாத்தின் மகள்கள் அஞ்சு பேரு. காணி இல்ல, பொம்பளைப் பிள்ளைங்கன்னு கொடுக்கல. சபை எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நின்னு எங்களுக்குக் காணி கொடுன்னு கேட்டாங்க. கர்த்தர் சொன்ன பதில்: "செலோப்பியாத்தின் குமாரத்திகள் சொல்லுகிறது சரிதான்." சரிதான்! மலையில ஏழு பேர்ச் காணிக்கு நிக்கிற ஒவ்வொரு பொம்பளைக்கும் இந்த வசனத்தை எழுதிக் கொடுக்கணும்.

திருமறை மாணவன்
அது ஜெபம் அல்ல அக்கா. மோசேயிடம் கொடுத்த மனு. நீதி கேட்டார்கள், ஆசீர்வாதம் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் வாதத்துக்கு எதிரான வசனத்தையே எடுத்துத் தந்திருக்கிறீர்கள்.

சிவப்புக் கொழுந்து
நான் சொன்னதும் அதுதான். மனு கொடுத்தாங்க, கிடைச்சது. ஜெபத்தால இல்ல.

அக்கரப்பத்தனை அக்கா
27:5 படிங்க ரெண்டு பேரும். மோசே அவங்க நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில கொண்டுபோனான். சந்நிதிக்குப் போன மனு ஜெபம் இல்லையா? காணி கேட்டா நீதின்னு ஒரு பெட்டியில போடுறீங்க, ஆசீர்வாதம் கேட்டா பேராசைன்னு இன்னொரு பெட்டியில போடுறீங்க. காணியே இல்லாதவளுக்கு ரெண்டும் ஒன்னுதான்.

பண்டாரவளை வாத்தியார்
இதற்காகத்தான் முதலில் வரையறை கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

வெற்றிவாழ்வு ஹட்டன்
வாத்தியார், லூதர் எல்லாம் எங்களுக்கு வேண்டாம், வசனம் போதும். அப்புறம் வஹகோட்டை பிரதர், ஸ்பீக்கர் வச்சது எங்க சபை இல்ல, பக்கத்துத் தோட்டத்துச் சபை. தெரியாம பழி போடாதீங்க.

வஹகோட்டை பக்தன்
ஸ்பீக்கர் கொண்டு வந்த ஆட்டோ யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆறு மாசத்துல வேன் வாங்கினவரோட ஆட்டோ அது.

திருமறை மாணவன்
நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என் நிலைப்பாடு மாறவில்லை. யாக்கோபு 4:3.

அக்கரப்பத்தனை அக்கா
4:2ம் சேர்த்து எழுதிட்டு நிறுத்துங்க. யாபேஸை மாட்டினவங்களுக்குப் பேராசைன்னு எழுதின அந்தப் பதிவையும் திறந்து வைங்க, அங்கயும் வந்து இதையே எழுதுறேன். "அவன் வேண்டிக்கொண்டதை தேவன் அருளினார்." இந்த வரியை நீங்களே உங்க கையால எழுதுற வரைக்கும் நான் விடப் போறதில்ல.

வெற்றிவாழ்வு ஹட்டன்
ஆட்டோ விசயமா நான் போட்ட பதிவை யாரு நீக்கினது? வாத்தியாரா?