கர்ச்சீப் எடுக்காமல் கிளம்பியவர்

திண்ணைக்காரன்:

எங்கள் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் அம்மிக்கல். போட்ட இடத்தில் கிடப்பேனாம். ஸ்ரீரங்கத்தில் பிறந்தேன், அங்கேயே வளர்ந்தேன், காவிரிப் பாலம் தாண்டி திருச்சியில் வேலை. ஒருமுறை பதவி உயர்வோடு பூனாவுக்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. என் மனைவி பார்த்த பார்வையைப் பற்றி இங்கே வேண்டாம்.

2012 டிசம்பரில், படம் வெளியான சமயம், விடுமுறைக்கு வந்த அக்கா பையன் 'தி ஹாபிட்' நாவலை இங்கேயே போட்டுவிட்டுப் போனான். 1937இல் டோல்கீன் எழுதி வெளிவந்தது. மந்திரவாதி, குள்ளர்கள், மலைக்கு அடியில் புதையல்மேல் படுத்திருக்கும் டிராகன். இதெல்லாம் நமக்கு அம்புலிமாமாவோடு முடிந்த கணக்கு என்றுதான் புரட்டினேன்.

ஆரம்பத்தில் டிராகனைக் காணோம். ஒரு வீடுதான் வருகிறது. பச்சை வட்டக் கதவு, நட்டநடுவில் பித்தளைக் குமிழ். உள்ளே போனால் சாமான் அறைகள், அதற்கப்புறமும் சாமான் அறைகள். வருகிறவர்கள் தொப்பியும் கோட்டும் மாட்ட வரிசையாக முளைகள். அந்த வீட்டுக்காரர் பில்போ பேகின்ஸ், ஹாபிட் என்ற குட்டை மனித இனம், வயது ஐம்பது. வாசலில் வந்து நின்ற மந்திரவாதி கேண்டால்ஃப், ஒரு சாகசத்துக்கு ஆள் தேடுகிறேன் என்கிறார். அதெல்லாம் தொல்லை பிடித்த வேலை, சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும் என்கிறார் பில்போ. பூனா கடிதத்துக்கு நான் எழுத நினைத்து எழுதாமல் விட்ட பதில் இதுதான்.

மறுநாள் அழையாத விருந்தாளிகளாகக் குள்ளர்கள் பதின்மூன்று பேர் வந்து இறங்குகிறார்கள். பில்போவுக்கு அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்பதைவிடப் பெரிய கவலை, கேக் பற்றாமல் போனால் வீட்டுக்காரனான தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமே என்பது. காது குத்துக்கு ஒரு வேன் உறவுக்காரர்கள் முன்னாடி நாளே வந்துவிட்டால் மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும் அந்தக் கவலை.

அடுத்த நாள் காலை தொப்பி இல்லை, கைத்தடி இல்லை, காசு இல்லை, கர்ச்சீப்கூட இல்லாமல் ஓடிப்போய், டிராகனிடமுள்ள புதையலைத் தேடிப் போகும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். போய்ச் சேர்ந்ததும் கர்ச்சீப்பை விட்டுவிட்டு வந்தேன் என்று புலம்பல் வேறு. பிறகு கேண்டால்ஃப் வெள்ளைக் குதிரையில் வந்து ஒரு கட்டு கர்ச்சீப் கொடுக்கிறார். மந்திரவாதி செய்த உருப்படியான காரியம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு வழிநெடுக அவருக்கு வீட்டு நினைப்புதான். பூதங்களின் சுரங்கத்தில், கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில் தனியாகக் கிடக்கும்போது, தன் சமையலறையில் முட்டை பொரிப்பதாக நினைத்துக்கொள்கிறார். கழுகுகள் தூக்கிப்போய்ப் பாறை உச்சியில் வைத்த இரவில் சொந்த வீட்டுக்குள் அறை அறையாக நடந்து எதையோ தேடுகிற மாதிரிக் கனவு. என்ன தேடுகிறோம் என்றே தெரியவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாலு நாள் வெளியூரில் தங்கினால் எனக்கு வருகிற கனவு அது. எப்படித் தெரிந்தது இவருக்கு?

கடைசியில் டிராகன் இருக்கும் மலைக்குள் தனியாக இறங்க வேண்டும். அந்தச் சுரங்கப் பாதையில்கூட, கண் விழித்தால் இது என் வீட்டு முன்கூடமாக இருந்துவிடக் கூடாதா என்றுதான் தவிக்கிறார். தவித்துக்கொண்டேதான் இறங்குகிறார். அங்கிருந்து அவர் எடுத்துவைத்த அடிதான் அவர் செய்ததிலேயே பெரிய வீரம் என்கிறார் ஆசிரியர். வீட்டை உதறிவிட்டுப் போனவன்தான் ஆளாவான் என்று எத்தனை கதை கேட்டு வளர்ந்திருப்போம். இந்த மனுஷருக்கு வீட்டை உதறவும் தெரியவில்லை, திரும்பி ஓடவும் தெரியவில்லை.

போன வருஷம் மகளைக் கல்லூரியில் சேர்க்க டெல்லி போக வேண்டியிருந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரில் நின்றபோது, காலையில் ஃபில்டரில் டிகாக்ஷன் சொட்டும் சத்தம் காதில் கேட்டது. சத்தியமாக. பக்கத்தில் மகள் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அம்மிக்கல் ரத்தம்தானே.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கதைக்குள் உங்களையே பார்த்த அனுபவம் உண்டா?

மாவடு ஜாடி:

உண்டு, இதே புத்தகத்தில். ஆனால் எனக்கு வேறு சிக்கல். ஆம்பளை வீட்டில் கிடந்தால் அம்மிக்கல் என்று பெயராவது வைக்கிறார்கள். பொம்பளை கிடந்தால் யார் கண்ணிலும் படுவதே இல்லை. எனக்கு வீட்டில் இருப்பது பிடிக்கும் என்று சொன்னால் மாமியார் நம்ப மாட்டார், தோழிகளும் நம்ப மாட்டார்கள். பாவம், அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பில்போ வீட்டில் தனி ஆள். சமையல்காரர் யாரும் கண்ணில் படவில்லை. அவரே கேக் செய்கிறார், அவரே பரிமாறுகிறார். மறுநாள் காலை குள்ளர்கள் கிளம்பிப் போன பிறகு பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு நிம்மதியாக இரண்டாவது காலைச் சிற்றுண்டிக்கு உட்காருகிறார். வீட்டோடு கிடப்பதை யாரோ தலையில் கட்டாமல் ஒருவர் தானே விரும்பிச் செய்வதை அப்போதுதான் பார்த்தேன். அந்த இரண்டாவது சிற்றுண்டி என்னிடமும் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பத்தேகாலுக்கு, ஒரே ஒரு முறுகல் தோசை. யாருக்கும் பங்கு கிடையாது.

கரிசல் காத்து:

அண்ணே, கோச்சுக்காதீங்க. பாதியத்தான் படிச்சிருக்கீங்க. பில்போவோட அம்மா டூக் வம்சம். சாகசத்துக்குக் கிளம்புற கூட்டம் அது. குள்ளருங்க பாட்டக் கேட்டதும் மலையப் பாக்கணும், குகைக்குள்ள போவணும்னு அந்த ரத்தம்தான் முழிச்சுக்குது. திரும்பி வந்தப்புறம் ஊருக்குள்ள மரியாதையும் போச்சு. கவிதை எழுதுறாரு, எல்ஃபுன்ற வனதேவதைக் கூட்டத்தப் போய்ப் பாத்துட்டு வர்றாரு. அம்மிக்கல் கவிதை எழுதாது.

திண்ணைக்காரன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்டிலை விட்டுவிட்டீர்களே தம்பி. போவதற்கு முன்னால் பாடியதைவிடத் திரும்பி வந்த பிறகு அடுப்பில் அந்தக் கெட்டில் இனிமையாகப் பாடியதாம். அதுவும் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

பழைய பேப்பர்:

டோல்கீனே ஒரு கடிதத்தில், உயரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் ஹாபிட்தான் என்று எழுதியிருக்கிறார். 1958இல். தோட்டம் பிடிக்கும், மரம் பிடிக்கும், எளிய சாப்பாடு பிடிக்கும், அதிகம் பயணம் போவதில்லை என்றும் அதிலேயே சொல்கிறார்.

ஆனால் அவர் வாழ்க்கையின் தொடக்கத்தைப் பாருங்கள். பிறந்தது தென்னாப்பிரிக்காவில், 1892இல். நாலு வயதில் அப்பா போய்விட்டார். இங்கிலாந்தில் சேர்ஹோல் என்ற கிராமத்தில் நாலே வருஷம். பன்னிரண்டு வயதில் அம்மாவும் போய்விட, பிறகு யார் யார் வீட்டிலோ வாசம். 1916இல், முதல் உலகப் போரில், பிரான்சின் சோம் போர்முனைப் பதுங்குகுழி. அந்தப் பச்சைக் கதவையும் சாமான் அறைகளையும் அவ்வளவு ஆசையாக விவரிப்பது வீட்டிலேயே கிடந்த ஆள் இல்லை என்பது என் கட்சி.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். நீங்கள் ஒருத்தரும் ஏலக் காட்சியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு வருசத்துக்கு மேலே கழிச்சு பில்போ வீட்டுக்குத் திரும்பி வாறார். வாசலிலை சனக்கூட்டம். ஆள் செத்துப்போனார் எண்டு முடிவு கட்டி, அவற்றை சாமானெல்லாத்தையும் ஏலம் போடினம். தன்ரை கதிரை மேசையைத் தானே காசு குடுத்துத் திருப்பி வாங்கிறார். வெள்ளிக் கரண்டியள் சிலது வரவேயில்லை. ஆர் எடுத்தது எண்டு அவருக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

இதைப் பகிடியாத்தான் எழுதியிருக்கு. என்னாலை சிரிக்க ஏலேல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து நாங்கள் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டம். எனக்கு ஒன்பது வயசு. மழை. நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு நடை. அம்மம்மா வரமாட்டன் எண்டு படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அப்பா தூக்கிச் சைக்கிள் கரியரிலை இருத்தினவர். அடுத்த வருசம் திரும்பி வந்து பாத்தால் குசினி வெறுமை. அம்மம்மாவின்ரை அலுமாரி நாலு வீடு தள்ளி ஒரு வீட்டு விறாந்தையிலை நிண்டுது.

ஊர் சுத்தாத மனுசருக்கு வீட்டிலை என்ன பிடிப்பு எண்டு கேக்கிறவைக்கு நான் அந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் வாசிக்கக் குடுப்பன்.

திண்ணைக்காரன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்கலாமா தெரியவில்லை. அந்த அலமாரி திரும்பக் கிடைத்ததா?

பனங்கூடல்:

கிடைச்சது. அந்த வீட்டுக்காரர் தாங்களாவே கொண்டுவந்து தந்தவை; மழையிலை நனையுது எண்டு எடுத்து வைச்சதெண்டு சொல்லிச்சினம். அம்மா நம்பேல்லை, அம்மம்மா நம்பினவ. பூட்டை ஆரோ உடைச்சிருந்திச்சினம். திறப்பு மட்டும் அவ்வளவு நாளும் அம்மம்மாவின்ரை கொட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பூட்டு மாத்துவம் எண்டு அப்பா கேட்டார், அவ விடேல்லை. அந்த உடைஞ்ச பூட்டுக்குள்ளே ஒவ்வொரு இரவும் திறப்பைப் போட்டு ஒருக்கால் திருப்பிப் பாத்திட்டுத்தான் படுப்பா.