ஞாயிறு பகடைக் குழு: கவுன்டர்ஸ்பெல் பஞ்சாயத்து
(டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம், 2014 விதிகள். கதை சொல்லி, எதிரிகளையும் ஆடும் டிஎம்: கார்த்தி)

ஞாயிறு, இரவு 10:48

நிலா: கார்த்தி அண்ணா, தூங்கிவிட்டீர்களா? மேசையில் கேட்டால் ஆட்டம் நின்றுபோகும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது கேட்கலாமா?

கார்த்தி: கேள் நிலா. நீ முகம் வாடிக் கிளம்பினதைப் பார்த்தேன்.

நிலா: என் விசார்ட், அதான் என் மந்திரவாதி, ஐந்தாம் லெவல். மந்திரம் போடச் செலவாகும் ஸ்லாட்டுகளில் மூன்றாம் நிலை மொத்தமே 2. முதல் சுற்றில் நீங்கள், "அந்தக் கிழவன் ஏதோ மந்திரம் சொல்லத் தொடங்குகிறான்" என்றீர்கள். என்ன மந்திரம் என்று கேட்டேன், சொல்லவில்லை. பயத்தில், எதிராளி மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் போட்டேன். கடைசியில் அது வெறும் ஃபயர்போல்ட், சின்ன நெருப்பு வீச்சு. ஸ்லாட்டே செலவாகாத கேன்ட்ரிப்புக்கு என் பெரிய ஸ்லாட் ஒன்று போனது.

நிலா: அடுத்த சுற்றில் நான் "ஃபயர்பால்" என்று வாய் திறந்ததும், அவன் கவுன்டர்ஸ்பெல் போடுகிறான் என்றீர்கள். அவனுக்கு மட்டும் அது பெரிய நெருப்புக்குண்டு, ஃபயர்பால் என்று எப்படித் தெரிந்தது?

அருண்: அதானே! அந்த ஃபயர்பால் விழுந்திருந்தால் நான் இப்படி மூச்சில்லாமல் கிடந்திருக்க மாட்டேன்.

கார்த்தி: அருண், கொஞ்சம் பொறு. நிலா, என்ன மந்திரம் என்று நான் சொல்லாதது விதிப்படிதான். கவுன்டர்ஸ்பெல் போட 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்த்தால் போதும். பெயரைச் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை.

நிலா: இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதித் தொகுப்பில் இப்போதுதான் தேடிப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

சுதா சித்தி: மணி பதினொன்று ஆகப்போகிறது பிள்ளைகளா. ஆனால் நிலா கேட்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. மீனா இருக்கிறாளா பார், அவள்தான் எல்லாப் புத்தகமும் வைத்திருக்கிறாள்.

இரவு 11:05

மீனா: இருக்கிறேன் சித்தி. நிலா, நீ தேடிய தொகுப்பில் அது இருக்காது. 2017-இல் வந்த ஸானதார்ஸ் கைடு புத்தகத்தில்தான் இருக்கிறது. எதிராளி மந்திரம் போடும்போதே அது என்னவென்று கண்டுபிடிக்க, அடுத்தவர் முறையில் உடனே செய்யும் பதில் செயலான உன் ரியாக்‌ஷனைச் செலவழிக்க வேண்டும். அப்புறம் ஆர்கானா சோதனை, அதாவது மந்திர அறிவுக்கான பகடை உருட்டல்: 15-உடன் அந்த மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணை எட்ட வேண்டும். மூன்றாம் நிலை ஃபயர்பால் என்றால் 18. ஒரு சுற்றுக்கு ரியாக்‌ஷன் ஒன்றுதானே? கண்டுபிடிக்கச் செலவழித்துவிட்டால் தடுக்கக் கையில் எதுவும் இருக்காது. ஆகவே கவுன்டர்ஸ்பெல் பெரும்பாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் பந்தயம்தான். அந்த அளவுக்குக் கார்த்தி சொன்னது சரி.

கார்த்தி: நன்றி அக்கா.

மீனா: பொறு, இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பந்தயம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நீ திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏதோ மந்திரம்" என்று மட்டும் சொல்கிறாய். நிலாவோ மந்திரத்தின் பெயரோடுதான் அறிவிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கிழவனும் நிலாவைப் போலவே ஒன்றும் தெரியாமல்தான் முடிவெடுத்திருக்க வேண்டும். அவள் போட்டது ஃபயர்போல்ட்டாக இருந்திருந்தால் அவன் தடுத்திருப்பானா?

இரவு 11:14

கார்த்தி: தடுத்திருக்க மாட்டான். ஃபயர்பால் என்று காதில் விழுந்ததும் 8 பகடை, சராசரி 28 சேதம் என்று மனதில் கணக்கு ஓடிவிட்டது. நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. தப்புதான் நிலா.

அருண்: ஆனால் டிஎம் சொல்வதுதான் முடிவு என்று புத்தகத்திலேயே இருக்கிறதே?

மீனா: இருக்கிறது. ஆட்டம் டிஎம் பொறுப்பில், விதிகளின் பொறுப்பில் இல்லை என்று 2014 டிஎம் கையேட்டின் முன்னுரையே சொல்கிறது. நான் மூன்று வருடம் டிஎம்-ஆக இருந்தபோது அதை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறேன். மேசையில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்து. மற்றவர்களை உட்காரவைத்துப் புத்தகம் புரட்டாதே. ஆனால் இரவில் புரட்டிப் பார். தப்பென்றால் அடுத்த வாரம் முதல் வேலையாகச் சொல்லிவிடு. அந்த இரண்டாவது பாதியைச் செய்தால்தான் முதல் பாதியை யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

சுதா சித்தி: எங்கள் ஊரில் தாயம் ஆடும்போது காயை எடுப்பதற்கு முன்பே கேட்போம். வெட்டினால் இன்னொரு ஆட்டம் உண்டா? ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாமா? வீட்டுக்கு வீடு வேறு வேறு. கேட்காமல் உட்கார்ந்துவிட்டு நடுவில் சொன்னால் என் அத்தை காயைக் கலைத்துவிட்டு எழுந்துபோய்விடுவார்.

நிலா: சித்தி, நான் கலைக்க வரவில்லை. எனக்கு இந்த ஆட்டம் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் மனசு கேட்காமல் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

கார்த்தி: தெரியும்மா. நீ மேசையில் சண்டை போடாமல் இங்கே வந்து கேட்டது எனக்குப் பெரிய உதவி. சரி, வரும் ஞாயிறிலிருந்து இப்படி வைத்துக்கொள்வோமா? கவுன்டர்ஸ்பெல் தெரிந்தவர்கள் களத்தில் இருந்தால், மந்திரம் போடுகிறவர் பெயரையும் ஸ்லாட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நானும்தான். யாராவது தடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பலாம்.

மீனா: அருமை. நான் வீடியோவில் வருவதால் உனக்குக் காட்டாமல் நிலாவுக்குத் தனியாக அனுப்பிவிடுகிறேன்.

அருண்: 2024 புத்தகத்தில் கவுன்டர்ஸ்பெல்லையே மாற்றிவிட்டார்களாமே? அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

மீனா: ஆமாம். அதில் மந்திரம் போடுகிறவர் தன் உடல் உறுதிக்கான கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும். தோற்றால் மந்திரம் கலையும், ஆனால் அவருடைய ஸ்லாட் செலவாகாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இருந்தாலும் சண்டைக்கு நடுவில் புத்தகத்தை மாற்றாதீர்கள். இந்தக் கதை முடியட்டும்.

நிலா: அப்போது என் 2 ஸ்லாட்?

இரவு 11:31

கார்த்தி: முதல் ஸ்லாட் போனதுதான். தெரியாமல் எடுத்த பந்தயம், விதிப்படி நடந்தது. இரண்டாவதைத் திருப்பித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் முறையிலிருந்தே தொடங்குவோம். கிழவனுக்கும் அவன் ஸ்லாட்டும் ரியாக்‌ஷனும் திரும்ப வரும். நீ ஃபயர்பால்தான் எழுத வேண்டும் என்று இல்லை. புதிதாக யோசித்து எது வேண்டுமானாலும் எழுது, எனக்குத் தெரியாது.

அருண்: அதற்கு அப்புறம் நான் வாங்கிய அடி?

கார்த்தி: நீ விழுந்தது நிலா முறைக்கு முன்னால். எழுந்திருக்க அம்மா சுதாவின் கிளெரிக்கை, அதான் காயம் ஆற்றும் பூசாரியை, கேள்.

சுதா சித்தி: காயம் ஆற்றும் மந்திரம் ஹீலிங் வேர்ட் 60 அடிவரை போகும், என் முறையில் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷன்தான். என் முறை வரட்டும், எழுப்பிவிடுகிறேன் கண்ணா.

நிலா: அண்ணா, கிழவன் எனக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறான்?

கார்த்தி: வரைபடத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன். 9 கட்டம், 45 அடி.

நிலா: நான் 30 அடி பின்னால் நகர்ந்தால் 75. அவனுடைய கவுன்டர்ஸ்பெல் 60 அடியோடு சரி. ஃபயர்பால் 150 அடி போகும்.

கார்த்தி: சீட்டில் எழுத வேண்டியதை இப்படிக் குழுவிலேயே சொல்லிவிட்டாயே!

நிலா: 75 அடியில் தெரிந்தாலும் அவனால் என்ன செய்ய முடியும் அண்ணா?

மீனா: 👏👏

அருண்: ஒரு நிமிடம். நான் அவனுக்கு 10 அடி முன்னால் விழுந்து கிடக்கிறேன். ஃபயர்பால் 20 அடி ஆரம்!

நிலா: அவன் மேல் போட மாட்டேன். அவனுக்கு 15 அடி பின்னால் குறி வைப்பேன். அவன் உள்ளே, நீ 25 அடியில் வெளியே.

சுதா சித்தி: போய்த் தூங்குங்கள். ஞாயிறு சீட்டுக்கு நான் பழைய காலண்டர் தாளை வெட்டி வைக்கிறேன்.