காயமே இல்லாத உடலில் அழற்சி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ரோஸ் ஹில் மகள், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 62. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற வாரப் பரிசோதனையில், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1 சதவீதம், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி அளவும் கூடியிருந்தது. மருத்துவர் "என்ஃப்லமாசியோன்" (அழற்சி) என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை. பல் துலக்கும்போது ஈறில் மட்டும் இரத்தம் கசிகிறது. இனிப்பைத்தானே குறைக்க வேண்டும், எண்ணெய்க்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கிறார். ஞாயிறுதோறும் கத்தோ பிமான் என்னும் பருப்பு வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி அடுப்படியில் மூடி வைத்து, அது கறுத்துப் பிசுபிசுக்கும் வரை பயன்படுத்துவது அவர் வழக்கம்.

மறுமொழி: ஓய்வு பெற்ற செவிலி, காத்ர் போர்ன்

தங்கையே, அம்மாவின் கேள்வி நியாயமானது. அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். அது சில நாட்களில் அடங்கிவிடும். சர்க்கரை நோயில் இருப்பதோ வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மெல்லிய அழற்சி.

கொழுப்பு அணுக்கள் (செல்கள்) அளவு மீறிப் பருக்கும்போது, மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டு டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. இன்சுலினின் ஆணை அணுவுக்குள் சரிவரச் சேராமல் இது தடுக்கிறது. 1993இல் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகிய ஆய்வாளர்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபாவின் இந்த வேலையைக் கொழுத்த எலிகளில் காட்டினார்கள். எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. பாமாயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு உள்ள பால்மிடிக் அமிலம், கிருமி நுழைந்தால் விழிக்க வேண்டிய எச்சரிக்கைப் பாதைகளைக் கிருமி இல்லாமலேயே முடுக்கிவிடக்கூடியது. மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்தோ, அழற்சியை அடக்கும் ரிசால்வின்களை உடல் செய்துகொள்கிறது.

சர்க்கரை வேறு வழியாக வருகிறது. இரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ், நொதி எதுவும் இல்லாமலே புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், அம்மாவின் 9.1 என்பது ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டியதன் அளவே. இரத்தக் குழாய்ச் சுவர்ப் புரதங்களிலும் இதே ஒட்டல் நடந்து, நாட்பட முதிர்ந்து உருவாகும் பொருள்கள் அணுக்களின் மேலுள்ள ரேஜ் என்னும் ஏற்பிகளில் பொருந்தும்போது, உள்ளே என்எஃப்-கப்பா-பி என்னும் விசை திறந்து அழற்சிப் பொருள்கள் பெருகுகின்றன. பால்மிடிக் அமிலத்தின் வழியும் இதே விசையில்தான் வந்து சேர்கிறது. அப்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-1பீட்டா என்னும் அழற்சிப் பொருள், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா அணுக்களை நலிவிப்பதால், இன்சுலின் குறைந்து சர்க்கரை இன்னும் ஏறுகிறது. ஆகவே எண்ணெயா இனிப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மறுமொழி: போ பாசென் வாசகர்

செவிலி அம்மா சொன்னதற்கு நம் தீவே ஒரு சான்று. பெரும்பகுதி பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை 1987இல் அரசு சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மீண்டும் அளந்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. பிற வாழ்க்கைமுறை மாற்றங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நீரிழிவு குறையவில்லை. பிந்தைய ஆய்வுகளில் கூடியே இருந்தது. எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, காலையில் இரண்டு டால் பூரி, பகலில் குவித்த வெள்ளைச் சோறு, மாலையில் சர்க்கரை போட்ட தேநீரும் ரொட்டியும் என்று தொடர்ந்தால் பயன் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். காவடி விரத நாட்களில் மீன் நின்று பொரியல் பெருகும். அப்போது இன்னும் கவனம் தேவை.

மறுமொழி: ரோஸ் ஹில் மகள்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கறுத்த எண்ணெயை அவரே கொட்டிவிட்டார். ஈறில் கசியும் இரத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி: ஓய்வு பெற்ற செவிலி, காத்ர் போர்ன்

கொட்டியது நல்லது, சோயா எண்ணெயும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் விரைவில் கெட்டு, ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பாகும். ஈறுக்குக் கட்டாயம் தொடர்பு உண்டு. ஈறு நோயே சிஆர்பியை உயர்த்தும், சர்க்கரையையும் ஏற்றும். ஈறுக்குச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவில் இறங்கியிருக்கிறது. மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதலில் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பரிசோதனைகளையும் மீண்டும் எடுத்து, அந்த எண்களை இங்கே எழுதுங்கள்.