'நயீவ்' என்று குறிப்பு எழுதியிருக்கிறார், இது திட்டா?

புதுநிரலர்: நான் எழுதிய தேடல் நிரலைப் பார்த்த மூத்தவர், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'நயீவ் அப்ரோச்' (naive approach) என்று மட்டும் குறித்து அனுப்பியிருக்கிறார். அகராதியில் 'வெகுளியான, அனுபவமில்லாத' என்று இருக்கிறது. இரண்டு நாள் உழைப்பு! கோபத்தில் முழுவதையும் அழித்துவிட்டேன். என்னைச் சொன்னாரா, நிரலைச் சொன்னாரா?

அரைப்புள்ளி: நிரல் எப்படித் தேடுகிறது?

புதுநிரலர்: உரையின் முதல் எழுத்திலிருந்து தேடும் சொல்லை வைத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் ஓர் எழுத்து நகர்ந்து மறுபடியும்.

அரைப்புள்ளி: அட, அந்த முறைக்குப் பெயரே அதுதான். 'நயீவ் ஸ்ட்ரிங் சர்ச்'. தந்திரம் எதுவும் இல்லாமல், முதலில் தோன்றும் வழியில் நேராகச் செய்வது. உரை 10,000 எழுத்து, சொல் 10 எழுத்து என்றால் மோசமான நிலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஒப்பீடு. மெதுவானது, தவறானதல்ல. குப்பை மின்னஞ்சலைப் பிரிக்கும் 'நயீவ் பேய்ஸ்' முறையும் இப்படித்தான்: ஒரு சொல் வருவதற்கும் இன்னொன்று வருவதற்கும் தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் தொடர்பு உண்டு. ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

சொல்வேட்டை: பிரெஞ்சிலிருந்து வந்த சொல். மூலம் லத்தீனின் 'நாட்டிவுஸ்', பிறவியிலேயே அமைந்தது என்று பொருள். 'நேட்டிவ்' இதற்கு உடன்பிறப்பு. பிரெஞ்சில் ஆணுக்கு 'நயீஃப்', பெண்ணுக்கு 'நயீவ்'; ஆங்கிலம் பெரும்பாலும் பெண்பால் வடிவத்தையே எல்லாருக்கும் வைத்துக்கொண்டது. 'இயல்பான, பாசாங்கற்ற' என்ற பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்துச் சொன்னால் வேறு கதை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் என்றாகிவிடும். மேலதிகாரிக்கு எழுதும் மடலில் வேண்டவே வேண்டாம்.

வெகுளி என்ற நம் சொல்லும் லேசுப்பட்டதல்ல. குறளில் அதற்குக் கோபம் என்று பொருள். 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. நீங்கள் இரண்டு பொருளிலும் வெகுளியாக இருந்திருக்கிறீர்கள் :)

மருந்துச்சீட்டு: மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்க்கிறேன். 'ட்ரீட்மென்ட் நயீவ்' நோயாளி என்று வரும். 'சிகிச்சை அறியாத அப்பாவி' என்று ஒருவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன்! அந்த நோய்க்கு இதுவரை சிகிச்சை எடுத்துக்கொள்ளாதவர், அவ்வளவுதான். நோய் எதிர்ப்பு அணுக்களில் 'நயீவ் டி செல்' என்றால், தனக்குரிய அன்னியப் பொருளை இன்னும் சந்திக்காதது.

புதுநிரலர்: அப்போது 'இன்னசென்ட்' என்பதும் இதுவும் ஒன்றா?

சொல்வேட்டை: இல்லை. அதில் குற்றமற்றவர் என்ற பொருளும் உண்டு. இதில் குற்றம் பற்றிய பேச்சே இல்லை. உலகம் தெரியாதவர், அதனால் சுலபமாக நம்பிவிடுகிறவர். அப்புறம், 'நைவ்' என்று ஒரே அசையாகச் சொல்லாதீர்கள். நடுவில் வரும் ஆங்கில 'i' எழுத்தின் மேல் சிலர் இரண்டு புள்ளி வைப்பது, அதைத் தனியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். புள்ளி இல்லாமல் எழுதினாலும் சரிதான்.

புதுநிரலர்: மூத்தவரிடமே கேட்டுவிட்டேன். "வேகமான முறை எழுதியதும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பத்திரமாக வைத்திரு" என்கிறார். அழித்ததை மீட்பது எப்படி என்று தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.